பெயர் அடிபட்டால் போதுமா? வெளியான விசாரணை ஆவணங்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய வழக்கு ஒன்றின் விசாரணை ஆவணங்கள் வெளியாகும் நாளில், ஆவணத்துக்கு முன்பாகப் பெயர்ப் பட்டியல்தான் ஊரைச் சுற்றி வருகிறது. யாரோ ஒருவர் தேடல் பெட்டியில் ஒரு நடிகரின் பெயரைத் தட்டுகிறார். நான்கு இடங்களில் வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறார். பொழுது சாய்வதற்குள் அந்த நடிகர் "சிக்கிவிட்டார்". அந்த நான்கு இடங்களிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய அமெரிக்க நிதியாளர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான தாள்கள் 2024 ஜனவரியில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்திலிருந்து வெளியானபோது இதுதான் நடந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவருடைய சொத்து நிர்வாகிகளிடமிருந்து பெற்ற சுமார் 20,000 பக்கங்களை வெளியிட்டபோதும் இதுவே திரும்ப நடந்தது. இரண்டு விதமான அநியாயம் இதில் ஒன்றாக நிகழ்கிறது. எந்தத் தொடர்பும் இல்லாதவர் மீது கறை படிகிறது. உண்மையில் கேள்வி கேட்கப்பட வேண்டியவரோ அந்த நீண்ட பட்டியலுக்குள் நிம்மதியாக ஒளிந்துகொள்கிறார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வெளியே கொண்டுவந்த சாட்சியம் பிரபலங்களின் பெயர் வேட்டையில் புதைந்துபோகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் எந்த ஆவணத்தில், எந்த வாக்கியத்தில், யார் வாயிலாக வந்தது என்று தெரியாதவரை அந்தப் பெயருக்கு எந்தப் பொருளும் இல்லை. குற்றம் என்றும் சொல்ல முடியாது, குற்றமற்றவர் என்றும் சொல்ல முடியாது.

படி 1: ஆவணம் எந்த வழியாக வெளியே வந்தது?

பெயரைத் தேடுவதற்கு முன் இதைக் கேளுங்கள். வெளியே வந்த வழியைப் பொறுத்துதான் உள்ளே என்ன இருக்கும் என்பதே அமைகிறது.

2024-இல் வந்தவை ஒரு சிவில் வழக்கின் தாள்கள். எப்ஸ்டீனின் கூட்டாளி கிலேன் மேக்ஸ்வெல் மீது, எப்ஸ்டீனால் பாதிக்கப்பட்ட வர்ஜீனியா ஜூஃப்ரே 2015-இல் தொடுத்த அவதூறு வழக்கு அது. 2017-இலேயே சமரசத்தில் முடிந்துவிட்டது. முத்திரையிட்டு வைத்திருந்த தாள்களைத் திறக்கச் சொல்லி நீதிபதி லொரெட்டா பிரெஸ்கா 2023 டிசம்பரில் ஓர் உத்தரவு பிறப்பித்தார். ஒவ்வொருவரையும் "டோ" என்ற பொதுப் பெயராலும் ஒரு வரிசை எண்ணாலும் குறித்து, ஏன் திறக்கலாம் என்பதற்குச் சுருக்கமான காரணமும் அதில் தந்திருந்தார். இவர் ஏற்கெனவே ஊடகங்களில் பெயர் சொல்லப்பட்டவர், இவர் தானே பேட்டி கொடுத்தவர், இவர் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்ற ரீதியில்தான் பல காரணங்கள் இருந்தன. அந்த உத்தரவைப் படித்த யாரும் அதைக் "குற்றவாளிப் பட்டியல்" என்று சொல்லியிருக்க முடியாது. சாட்சிகளும் அதில் உண்டு, வேலைக்காரர்களும் உண்டு, பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ஆகவே நீதிமன்றம் திறந்த ஆவணமென்றால், திறக்கச் சொன்ன உத்தரவை முதலில் தேடிப் படியுங்கள்.

சட்டத்தின் வழியாக வெளிவருவது வேறு வகை. 2025 நவம்பர் 19 அன்று கையெழுத்தான எப்ஸ்டீன் ஆவண வெளிப்படைத்தன்மைச் சட்டம், அரசு அதிகாரிக்கோ பிரபலத்துக்கோ சங்கடம் நேரும், பெயர் கெடும், அரசியல் சிக்கல் வரும் என்ற காரணங்களுக்காக எந்தத் தாளையும் மறைக்கக் கூடாது என்று சொல்கிறது. நல்ல விதி. ஆனால் இதன் விளைவு என்னவென்றால், களத்திலிருந்து நெல்லும் பதரும் தூற்றாமலே வந்து குவிகிறது. தூற்ற வேண்டியது படிப்பவர் பொறுப்பு. ஆவணங்களில் பெயர் சொல்லப்பட்ட அல்லது குறிப்பிடப்பட்ட அரசு அதிகாரிகள், அரசியல் பிரமுகர்கள் எல்லோரையும் பட்டியலிட்டுத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் கேட்கிறது. எந்தச் சூழலில் பெயர் வந்தது என்று அந்தப் பட்டியல் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பட்டியலைக் கையில் எடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டங்களின் கீழ் வருபவை பெரும்பாலும் ஒரு துறையின் கோப்புகள். ஆல்பர்ட் ஐன்ஸ்டீனைப் பற்றி அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வைத்திருந்த கோப்பு 1,400 பக்கங்களுக்கும் மேல். அவரைப் பிடிக்காதவர்கள் எழுதிய கடிதங்கள், ஆதாரமற்ற புகார்கள் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கின்றன. கோப்பு தடிமனாக இருப்பதற்கும் குற்றம் கனமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

கசிந்த ஆவணங்கள் இன்னொரு வகை. 2016 ஏப்ரலில் வந்த பனாமா ஆவணங்கள் 1.15 கோடி கோப்புகள். அவற்றைத் தேடும்படி அமைத்துத் தந்த சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பே, வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சட்டப்படியான பயன்களும் உண்டு, இங்கே பெயர் இருப்பதாலேயே ஒருவர் சட்டத்தை மீறினார் என்று பொருளல்ல என்று தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது.

விசாரணை ஆணையத்தின் அறிக்கை என்றால் ஒரு கேள்வி போதும்: அந்த நபருக்கு நோட்டீஸ் போனதா? இந்தியாவின் 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் 8பி பிரிவு, விசாரணையால் ஒருவருடைய நற்பெயருக்குப் பாதிப்பு வரலாம் என்றால் அவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதை உச்ச நீதிமன்றம் 1989-இல் கிரண் பேடி வழக்கில் அழுத்தமாகச் சொன்னது. நோட்டீஸே போகாதவரின் பெயர் அறிக்கையில் வந்திருந்தால், அவரைப் பற்றி ஆணையம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: கையில் இருப்பது எந்த வகைத் தாள்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். "விசாரணை ஆவணம்" என்ற ஒரே உறைக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத பத்து வகைத் தாள்கள் கிடக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு எடை.

சத்தியப் பிரமாணத்தின் பேரில் வழக்கறிஞர்கள் கேள்வி கேட்டுச் சாட்சி பதில் சொல்லும் பதிவு ஒன்று உண்டு. டெபொசிஷன் என்பார்கள். பிரபலங்களின் பெயர்கள் அதிகமாக வருவது இதில்தான். அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். காரணம் எளிது. வழக்கறிஞர் "இன்னாரைச் சந்தித்தீர்களா?" என்று கேட்டாலே பெயர் பதிவில் ஏறிவிடும். சாட்சி "இல்லை" என்றாலும் தேடலில் அந்தப் பெயர் வரும். 2024-இல் வெளியான ஒரு சாட்சியத்தில் கேட் பிளான்செட், லியோனார்டோ டிகாப்ரியோ பெயர்கள் இப்படித்தான் வந்தன. அவர்களைச் சந்தித்தீர்களா என்று கேட்டதற்கு, சந்திக்கவில்லை என்றார் சாட்சி. எப்ஸ்டீன் தொலைபேசியை வைத்துவிட்டு, இப்போது பேசியது லியோனார்டோ, இது கேட் பிளான்செட் என்று சொல்வார், அவ்வளவுதான் என்றார். பெருமைக்காகப் பெயர்களை உதிர்ப்பதா என்று வழக்கறிஞர் கேட்க, ஆம் என்றார். அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதனின் தம்பட்டத்தைப் பற்றியது. நடிகர்களைப் பற்றியதே அல்ல. ஆனால் பட்டியல்களில் அந்த இரண்டு பெயர்களும் ஏறின, பல நாள் இறங்கவே இல்லை.

அடுத்தது மனுக்கள், பதில் மனுக்கள், வாதக் குறிப்புகள். இவை கட்சிக்காரர்களின் வழக்கறிஞர்கள் எழுதுபவை. எதிர்த்தரப்பு அவற்றை மறுக்க வேண்டும், பிறகு நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும். நடுவில் நிற்கும் மூன்றாமவருக்கு அங்கே பதில் சொல்ல இடமே இல்லை. மேக்ஸ்வெல் வழக்கின் தாள்களைத் திறக்கச் சொன்ன இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2019 ஜூலையில் தந்த அதே தீர்ப்பில், மனுக்களில் எழுதுவதற்கு அவதூறு வழக்கிலிருந்து கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டியது. அதனால் இவற்றைப் பற்றி எழுதுகையில் ஊடகங்கள் நிதானம் காக்க வேண்டும், மக்கள் பகுத்தறிந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஆவணத்தைத் திறந்துவிடும் நீதிபதிகளே இப்படிக் கேட்டது என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. திறப்பதும் எச்சரிப்பதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

எஃப்.பி.ஐ. தாள்கள் என்றால் படிவ எண்ணைப் பாருங்கள். எஃப்.டி-302 என்பது அதிகாரி ஒருவரைப் பேட்டி கண்ட பிறகு எழுதும் சுருக்கம். எஃப்.பி.ஐ.யின் பரிந்துரையோ முடிவோ இதில் இல்லை என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கும். எஃப்.டி-1023 என்பது இரகசியத் தகவலாளி சொன்னதைக் குறித்து வைப்பது. குறித்து வைத்ததால் அது சரிபார்க்கப்பட்டது என்று ஆகிவிடாது. இதற்கு ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. பைடன் குடும்பம் உக்ரைன் நிறுவனம் ஒன்றிடமிருந்து லஞ்சம் வாங்கியதாகச் சொல்லும் 2020-ஆம் ஆண்டின் 1023 படிவம் ஒன்றை 2023 ஜூலையில் செனட்டர் ஒருவர் வெளியிட்டார். அதிகாரப்பூர்வமான தாள்; எண்கள், தேதிகள் எல்லாம் இருந்தன. அந்தத் தகவலைத் தந்த அலெக்சாண்டர் ஸ்மிர்னோவ் மீதே 2024 பிப்ரவரியில் பொய் சொன்னதாக வழக்குப் பதிவானது. டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 ஜனவரியில் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். தாள் உண்மையானது, அதில் இருந்த செய்தி பொய்.

பொதுமக்கள் தொலைபேசியிலும் இணையத்திலும் அனுப்பும் துப்புகளும் கோப்பில் சேரும். ஒரு வழக்கு பிரபலமான பிறகு இவை குவியும். எழுதியவர் யாரென்றே தெரியாதவையும் இருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு "எஃப்.பி.ஐ. ஆவணம் சொல்கிறது" என்று எழுதுவது ஏமாற்று வேலை. முகம் தெரியாத ஒருவர் எஃப்.பி.ஐ.யிடம் சொன்னார் என்பதே அங்கே இருக்கும் உண்மை.

முகவரிப் புத்தகமும் விமானப் பயணக் குறிப்பும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. எப்ஸ்டீனின் முகவரிப் புத்தகத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்கள். எண் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. எண்ணை வாங்கியது யார், எதற்காக, ஒரு முறையாவது அழைத்தார்களா என்பதெல்லாம் அதில் கிடையாது. பயணக் குறிப்பு அதைவிடக் கனமானது, ஏனென்றால் விமானி அன்றன்று எழுதியது. ஆனால் அதிலும் பல இடங்களில் முதலெழுத்துகளும், வெறும் முதல் பெயரும், "ஒரு பெண்" என்ற குறிப்பும்தான் இருக்கும். யார், எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, உடன் யார் என்ற நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் அது பேசும்.

மின்னஞ்சல்களில் ஒரு பெரிய பிளவு உண்டு. அந்தப் பிரமுகர் தானே எழுதிய மின்னஞ்சல் ஒரு பக்கம். மற்ற இருவர் அவரைப் பற்றிப் பேசிக்கொண்ட மின்னஞ்சல் மறு பக்கம். இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. பிரிட்டன் அரசியல்வாதி பீட்டர் மாண்டல்சன் 2025 செப்டம்பரில் வாஷிங்டனுக்கான பிரிட்டன் தூதர் பதவியை இழந்ததும், அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரி சம்மர்ஸ் அதே ஆண்டு நவம்பரில் பொதுப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கியதும் அவர்களே எழுதிய வரிகளால். அவற்றைத் தற்செயலாக வந்த பெயர் என்று யாரும் சொல்ல முடியாது. மறு பக்கத்துக்கு ஸ்டீஃபன் ஹாக்கிங் உதாரணம். அவர் பெயர் வருவது 2015 ஜனவரியில் எப்ஸ்டீன் மேக்ஸ்வெல்லுக்கு எழுதிய மின்னஞ்சலில். ஹாக்கிங்கைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டைப் பொய் என்று நிரூபிக்க உதவுபவர்களுக்குப் பணம் தரலாம் என்று அதில் எப்ஸ்டீன் யோசனை சொல்கிறார். எப்ஸ்டீன் தன்னைக் காத்துக்கொள்ள எப்படியெல்லாம் திட்டமிட்டார் என்பதற்கு அது சான்று. ஹாக்கிங் எழுதியதோ சொன்னதோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

பிறகு, மின்னஞ்சலோடு ஒட்டிவரும் செய்தித் துணுக்குகள். யாரோ ஒரு நாளிதழ்க் கட்டுரையை அனுப்புகிறார், அதில் இருபது அரசியல்வாதிகளின் பெயர்கள் இருக்கின்றன. இருபதும் "ஆவணத்தில்" ஏறிவிடும். புகைப்பட அடையாள அணிவகுப்புத் தாள்களும் அப்படியே. சந்தேக நபரின் படத்தோடு வழக்குக்குத் தொடர்பே இல்லாதவர்களின் படங்களையும் கலந்து சாட்சியிடம் காட்டுவது காவல்துறையின் நடைமுறை. அந்தத் தாளிலிருந்து பெயரை எடுத்து எழுதினால் நேரும் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

படி 3: பெயரை யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும்?

தாளின் வகை தெரிந்த பிறகு வாக்கியத்துக்குள் போங்கள். பெயர் வரும் இடத்துக்கு முன்னால் ஐந்து பக்கம், பின்னால் ஐந்து பக்கம் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டெபொசிஷனில் "அவர்" என்று வருபவர் யார் என்பது பல நேரம் மூன்று பக்கம் முன்னால்தான் இருக்கும்.

கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா, ஊகித்ததா என்று பிரியுங்கள். "நான் பார்த்தேன்" என்பதும் "அவர் அங்கே வருவார் என்று சொல்வார்கள்" என்பதும் ஒரே பக்கத்தில் வரலாம். மேலே சொன்ன அதே சாட்சி, எப்ஸ்டீனுக்கு மசாஜ் செய்தவர், மைக்கேல் ஜாக்சனை எப்ஸ்டீனின் பாம் பீச் வீட்டில் நேரில் கண்டதாகச் சொன்னார். அவருக்கு மசாஜ் செய்தீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்றார். நேரில் கண்டார் என்பது ஒரு செய்தி. எதைக் காணவில்லை என்பதும் அதற்குச் சமமான செய்தி. பாதியை மட்டும் வெட்டிப் பரப்புபவர்கள் சாட்சிக்கும் சேர்த்துத்தான் துரோகம் செய்கிறார்கள், ஏனென்றால் அவர் பிரமாணம் எடுத்துக் கவனமாகச் சொன்ன பதிலை வளைக்கிறார்கள்.

படி 4: அது அவரேதானா?

பெயர் ஒற்றுமை உலகத்தின் பழைய தொல்லை. முதல் பெயர் மட்டும் இருந்தாலோ முதலெழுத்து மட்டும் இருந்தாலோ உங்கள் மனம் தெரிந்த பிரபலத்தை அங்கே உட்கார வைத்துவிடும். அதைத் தடுக்க வேண்டும்.

முதலெழுத்துகளின் கதைக்கு ஜெயின் ஹவாலா வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1991-இல் சி.பி.ஐ. நடத்திய சோதனையில் தொழிலதிபர்களான ஜெயின் சகோதரர்கள் தொடர்பான டைரிகளும் தனித் தாள்களும் கிடைத்தன. சுருக்கெழுத்துகள், அவற்றுக்கு எதிரே தொகைகள். அவை எந்தத் தலைவர்களைக் குறிக்கின்றன என்பதே பல ஆண்டுகள் நாட்டின் பேச்சாக இருந்தது. தன் பெயரும் இதில் அடிபட்டதால் 1996 ஜனவரியில் எல்.கே. அத்வானி மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இதே விவகாரத்தில் சிக்கிய இன்னொரு தலைவரான வி.சி. சுக்லாவின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: தனித் தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகாது, முறையான கணக்குப் புத்தகமாகவே இருந்தாலும், வேறு சுதந்திரமான சான்று இல்லாமல் அதில் உள்ள பதிவை மட்டும் வைத்து ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது. சுக்லாவும் அத்வானியும் விடுவிக்கப்பட்டது சரியே என்றது. 2017 ஜனவரியில், அரசியல்வாதிகளுக்குப் பணம் தந்ததைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட சஹாரா, பிர்லா நிறுவனத் தாள்கள் குறித்து விசாரணை கோரிய மனுவை நிராகரித்தபோதும் நீதிமன்றம் இதே வழியில்தான் போனது.

இந்தத் தீர்ப்புகள் ஊழலை விசாரிப்பதைக் கடினமாக்கிவிட்டன என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. டைரியில் எழுதியதைத் துருவிப் பார்க்க வேண்டியது விசாரணை அமைப்பின் கடமை, அதைச் செய்யாமல் விட்டுவிட்டு "சான்று இல்லை" என்பது மக்களுக்குச் செய்யும் வஞ்சனை. ஆனால் வாசகராக நீங்கள் சுருக்கெழுத்துக்கு முழுப்பெயர் எழுத உட்காரும்போது அந்தத் தீர்ப்பின் கேள்வி உங்களுக்கும் பொருந்தும்: இந்தத் தாளுக்கு வெளியே வேறு என்ன இருக்கிறது?

படி 5: தேதியைப் போட்டுப் பாருங்கள்

சிறிய படி, ஆனால் பலன் பெரிது. எப்ஸ்டீன் 2008 ஜூன் 30 அன்று ஃபுளோரிடா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 ஜூலையில் மீண்டும் கைதானார், ஆகஸ்ட் 10 அன்று சிறையில் இறந்தார். 2002-இல் அவரை ஒரு விருந்தில் சந்தித்தவரும், தண்டனை ஊரறிந்த பிறகு 2012-இல் அவரிடம் ஆலோசனை கேட்டு எழுதியவரும் ஒரே நிலையில் இல்லை. முன்னவருக்கு எதுவும் தெரியாது என்று இதனால் நிரூபணம் ஆகாது. பின்னவரிடம் கேட்க ஒரு நேரடியான கேள்வி கிடைக்கிறது, அவ்வளவே. எந்த வழக்கானாலும் குற்றம் பொதுவெளிக்கு வந்த நாளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரும் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

படி 6: கறுப்புக் கட்டத்தை மதியுங்கள், ஆனால் குறியீட்டைப் படியுங்கள்

மறைத்திருக்கும் இடத்தின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு குறியீடு இருக்கும். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி பி6, பி7சி என்பவை தனிமனித அந்தரங்கத்துக்கானவை. பி7டி இரகசியத் தகவலாளியைக் காப்பது. பி7ஏ நடந்துகொண்டிருக்கும் விசாரணைக்கானது. 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றி 2019 ஏப்ரலில் வெளியான 448 பக்க முல்லர் அறிக்கையும் ஒவ்வொரு மறைப்புக்கும் காரணத்தை மேலேயே எழுதியிருந்தது. "ஏதோ பெரிய ஆளைக் காப்பாற்றுகிறார்கள்" என்று சொல்வதற்கு முன் இந்தக் குறியீட்டைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். மீதிச் சந்தேகம் நியாயமானதாக இருக்கலாம். அப்போது எந்தப் பக்கம், எந்தக் குறியீடு என்று சொல்லிக் கேளுங்கள், கேள்விக்குப் பலம் கூடும்.

மறைப்பு தோற்றுப்போவதும் உண்டு. 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த தாளில் கறுப்புக்குக் கீழே இருந்த எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலே படிக்க முடிந்தது. 2020 அக்டோபரில் வெளியான மேக்ஸ்வெல்லின் டெபொசிஷனில், கடைசியில் இருந்த அகரவரிசைச் சொல்லடைவை வைத்தே மறைத்த பெயர்கள் சிலவற்றைக் கண்டுபிடித்தார்கள். திறமையான வேலைதான். ஆனால் மறைப்புக்குக் கீழே இருப்பவர் ஒரு பிரமுகரா, பதினாறு வயதில் பாதிக்கப்பட்ட ஒருவரா என்பது திறக்கும் வரை தெரியாது. திறந்த பிறகு தெரிந்து பயனில்லை. அதனால் நான் இந்த விளையாட்டை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயரே இல்லாத அறிக்கை வந்தால் ஊகம் இன்னும் வேகமாக ஓடும். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றி நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் தந்த அறிக்கை, பகுதிகள் நீக்கப்பட்டு 235 பக்கங்களாக 2024 ஆகஸ்டில்தான் வெளியானது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இல்லை. பேசிய பெண்கள் இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை நம்பிப் பேசினார்கள். "அந்த நடிகர் இவர்தான்" என்று நிரப்பப் பார்ப்பவர் தன்னையறியாமல் "அந்தப் பெண் இவர்தான்" என்பதையும் நிரப்பிவிடுகிறார்.

படி 7: எத்தனை முறை வந்தது என்பதை விட்டுவிடுங்கள்

"அவர் பெயர் 300 முறை வருகிறது" என்ற தலைப்பைப் பார்த்தால் நான் அந்தச் செய்தியை மேலே படிப்பதில்லை. ஒரு மின்னஞ்சல் தொடரில் பத்து மடல்கள் என்றால் முதல் மடலில் இருந்த பெயர் பத்து முறை எண்ணப்படும். அதே தொடர் மூன்று பேரின் அஞ்சல் பெட்டியிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தால் முப்பது. அதே தாள் இரண்டு மனுக்களுக்கு இணைப்பாகப் போயிருந்தால் அறுபது. நாட்டின் அதிபராக இருப்பவரின் பெயர் எந்தக் கோப்பிலும் செய்தித் துணுக்குகள் வழியாகவே நூற்றுக்கணக்கில் வரும்.

மறுபுறம், தேடலில் வரவில்லை என்றால் இல்லை என்றும் ஆகாது. ஸ்கேன் செய்த தாளில் கையெழுத்தைக் கணினி படிக்காது, மங்கிய தட்டச்சைத் தப்பாகப் படிக்கும். எப்ஸ்டீனின் மின்னஞ்சல்கள் எழுத்துப் பிழைகளால் நிறைந்தவை. ஹாக்கிங் மின்னஞ்சலில் ஸ்டீஃபன் என்ற பெயரே பிழையாகத்தான் இருக்கிறது. குடும்பப் பெயர், சுருக்கப் பெயர், பதவிப் பெயர், உதவியாளரின் பெயர் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஆவணத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் தொடர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர் எண் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை நான் ஆவணமாகவே கருதுவதில்லை. 2024 ஜனவரியில் சுற்றிய "பட்டியல்கள்" பலவற்றில் அந்தத் தாள்களில் எங்குமே இல்லாத பெயர்கள் இருந்தன.

படி 8: பிறகு என்ன ஆனது?

ஆவணம் எழுதப்பட்ட நாளோடு உலகம் நின்றுவிடவில்லை. அந்தக் குற்றச்சாட்டு விசாரிக்கப்பட்டதா, யாராவது சாட்சியை மாற்றிக்கொண்டார்களா, சம்பந்தப்பட்டவர் என்ன பதில் சொன்னார், நீதிமன்றம் ஏதாவது சொன்னதா என்று தேடுங்கள். வழக்குப் பதியவில்லை என்பதை நற்சான்றாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையும் எப்.பி.ஐ.யும் தங்கள் ஆய்வில் "வாடிக்கையாளர் பட்டியல்" எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தன. பலர் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அந்த அவநம்பிக்கைதான் நான்கு மாதத்தில் ஒரு சட்டமாகவும் ஆனது. ஆனால் அவநம்பிக்கையை ஒரு தனிமனிதர் மீதான சான்றாக மாற்ற முடியாது.

ஒரு கூடுதல் குறிப்பு: அமெரிக்க அரசு வழக்கறிஞர்களுக்கே, குற்றம் சாட்டப்படாத மூன்றாமவரின் பெயரைப் பொதுத் தாள்களில் எழுதாதே என்ற துறை வழிகாட்டுதல் இருக்கிறது. வழக்கே இல்லாத இடத்தில் ஒருவரைச் சதிகாரர் என்று எழுதினால் அவர் எங்கே போய் நிரூபிப்பார் என்பதுதான் காரணம். 1975-இல் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் பிரிக்ஸ் வழக்கில் இதையே சொன்னது.

படி 9: எழுதும்போதும் பகிரும்போதும்

எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரே வாக்கியத்தில் நான்கையும் சொல்லிவிடுங்கள்: எந்தத் தாள், எந்த ஆண்டு, யார் சொன்னது, என்ன சொன்னார். "2016-இல் பதிவான டெபொசிஷனில், இன்னாரைச் சந்தித்தீர்களா என்ற கேள்விக்கு, இல்லை என்று சாட்சி பதிலளித்தார்." இப்படி எழுதினால் செய்தியே இல்லையே என்று தோன்றினால், அங்கே செய்தி இல்லை என்பதுதான் பொருள், எழுதாமல் விட்டுவிடலாம். சிக்கினார், அம்பலம், தோலுரிப்பு, பகீர் போன்ற சொற்கள் விசாரணை முடிந்து தீர்ப்பு வந்த பிறகுகூட எனக்கு உவப்பானவை அல்ல, தீர்ப்புக்கு முன் அவற்றுக்கு இடமே கிடையாது. பிரமுகரின் பழைய படத்தைக் குற்றவாளியின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதும் ஒரு வாக்கியம்தான், அதற்கும் இதே விதி.

சட்டமும் இங்கே உங்கள் பக்கம் முழுதாக இல்லை. நீதிமன்ற நடவடிக்கையைச் சாராம்சத்தில் சரியாக எடுத்துச் சொன்னால் அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் அதன் மீது உங்கள் முடிவை ஏற்றிச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, தேடும்போது நீங்கள் தேடாத பெயர்களும் கண்ணில் படும். 2025 மார்ச்சில் கென்னடி கொலை தொடர்பான 60,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் வெளியானபோது, உயிரோடு இருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் மறைக்காமல் வந்துவிட்டன. பாலியல் குற்ற வழக்குகளில் இப்படித் தவறிவிழுவது பாதிக்கப்பட்டவரின் பெயராகவே இருக்கலாம். இந்தியாவில் அதைப் பதிப்பிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யக் கூடாது. அப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், "இதை எப்படி விட்டார்கள் பாருங்கள்" என்று கண்டிப்பதற்காகக்கூடப் பகிராதீர்கள். ஆவணத்தின் தொடர் எண்ணையும் பக்க எண்ணையும் மட்டும் குறித்து, வெளியிட்ட அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் இணைப்பை ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால், அவர்களிடம் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள்.